கற்பூரம் வாங்கப் போனவள்

1

இந்தக் கதையில் முக்கியமான விஷயம் நடக்கும்போது நான் அங்கே இல்லை. கடைக்குப் போயிருந்தேன். இதைக் கடைசியில் சொல்லி உங்களை ஏமாற்றுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவள் நான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் நிரப்புவது என் வேலை. ஒரு கட்டம் தப்பினால் பார்டர் நெடுக, முந்தானை வரைக்கும், அத்தனை மாங்காய்க்கும் மூக்கு உடைந்துபோகும். அதனால் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடுவதில்லை. மூன்றாவது தடவையும் பார்ப்பது உண்டு. அதற்குப் பெயர் கவனமா பயமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

புதன்கிழமை மாலைகளில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடக்கும் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். பல வருடமாக டைரி எழுதுகிறேன் என்று சொன்னதால் சேர்த்துக்கொண்டார்கள். டைரியைப் படித்திருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள். தெள்ளார் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போய் வந்த நாளுக்கு அதில் இருப்பது இவ்வளவுதான்: "தெள்ளார் போய் வந்தோம். நல்ல வெயில். திரும்பும்போது புஷ்பாக்கா பேசவில்லை."

இந்த மூன்று வாக்கியத்தைக் கதையாக்கும்படி வகுப்பெடுக்கும் பவித்ரா சொன்னாள். என்னைவிடச் சின்னவள், அதனால் அதட்டமாட்டாள், நிபந்தனைதான் போடுவாள். நிபந்தனை இது: ‘நான்’ என்ற சொல்லே வரக் கூடாது.

"வெளிய நின்னு உங்களையே பாருங்க, அகல்யா."

ஆகவே அடுத்த பகுதியிலிருந்து நான் அகல்யா என்ற ஒரு பெண். (வேறு பெயர் வைத்தும் எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் வேனில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தெள்ளார் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.)

2

முதல் தொடக்கம்: "அந்தி வானம் அரக்குப் பட்டை விரித்தாற்போல—"

விட்டுவிட்டேன். ஆரணிக்காரி எழுதினால் வானத்தில் பட்டு வந்தே தீர வேண்டுமா? தவிர, வேன் கிளம்பியது உச்சி வெயில் இன்னும் இறங்காத நேரத்தில்.

இரண்டாவது தொடக்கம்: "பம்பை என்பது வட மாவட்டங்களில் வழங்கிவரும் தொன்மையான—"

இதை வகுப்பில் படித்தபோது பட்டுக் கடையில் விற்பனையாளனாக இருக்கும் சதீஷ் கொட்டாவி விட்டான். வாயைக் கையால் மூடக்கூட இல்லை.*

* பம்பையைப் பார்த்திராதவர்களுக்கு மட்டும்: ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பார்கள். எங்கள் பக்கம் அம்மன் கோயிலில் சாமியை அழைக்க அது இல்லாமல் முடியாது.

மூன்றாவது தொடக்கம். இதையே வைத்துக்கொள்கிறேன்:

புஷ்பலதா செய்யாரிலிருந்து வந்த ஷூ கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வேனில் ஏறினாள்.

"இன்னா புஷ்பா, விழாவுல பாடப் போறியா, ஷூ தெக்கப் போறியா?" என்றார் பின் சீட்டில் உடுக்கையை மடியில் வைத்திருந்தவர். அவர் பெயர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, பேரனுக்கே மீசை முளைத்துவிட்டது.

"ரெண்டும்தான் மாமா. உங்க செருப்பு வாரு அறுந்துகினு கீது பாருங்க. குடுங்க, பாடிகினே தெச்சிர்றேன்."

அகல்யா சிரித்தாள். முன் சீட்டில் இருந்த சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. அவர் புஷ்பலதாவின் அண்ணன். ஆரணி கொசப்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார். தறியில் இல்லாதபோது அவர் இடுப்பில் பம்பை இருக்கும். அவர்கள் குழு என்பது மொத்தம் மூன்று பேர். பம்பையும் முன்பாட்டும் சக்கரவர்த்தி, உடுக்கை சின்னப்பையன், பின்பாட்டு புஷ்பலதா. பாவாடை கட்டிய வயதிலிருந்து அவள் பின்பாட்டுதான். அண்ணன் ஒரு அடியைப் பாடினால் அதன் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவது. விழா நடத்துகிறவர்கள் பெண் குரல்தான் முன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால் இன்று ஒருநாள் அவள் முன்பாட்டு.

விண்ணப்பத்தைப் போனில் நிரப்பி அனுப்பியவள் எதிர்வீட்டு அகல்யா. எட்டு நிமிடம்தான் என்று அதில் போட்டிருந்தது. கோயிலில் ஒரு அம்மன் வருணிப்பு தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அடிக்கிறவருக்கு எட்டு நிமிடம் எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மேடைக்குக் கீழே நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அகல்யா வேனில் இருக்கிறாள்.

சேத்துப்பட்டு தாண்டியதும் சக்கரவர்த்தி வாயைத் திறந்தார்.

"மொதல்ல காப்பு பாடு. அப்பால கும்மி. அதோட கும்புட்டு எறங்கிடணும். அழைப்புப் பக்கம் போவக் கூடாது."

"தெரியும்ணா."

"தெரியும்ங்கிற. அழைக்கிறது ஒண்ணும் பெருசில்ல. வந்த சாமிய அனுப்பி வெக்கணும். அனுப்பத் தெரியாதவங்க அழைக்கக் கூடாது."

"நீ எப்பனா அனுப்ப வுட்டுகிறியா? கற்பூரம் ஏத்தற நேரத்துக்குக் கரெக்டா ‘நீ தள்ளு’ன்னுவ."

சின்னப்பையன் தேவையில்லாமல் இருமினார்.

அவர்கள் பேசியது இதுதான். பம்பை அடித்துப் பாடும்போது கூட்டத்தில் யார்மேலாவது சாமி வரும். அழைத்தவர்தான் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, சாந்தப்படுத்தி. மலையேற்றுவது என்பார்கள். மலையேறும் வரைக்கும் இடுப்பிலிருந்து பம்பையை அவிழ்க்கக் கூடாது. அந்தக் கடைசிப் பகுதியைச் சக்கரவர்த்தி இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்.

"இன்னைக்கு எந்த பேஜாரும் இல்லாம முடிச்சிட்டு வா. ஆடிக்கு நம்ம தெரு அம்மனுக்கு நீயே அழை. அனுப்பறதும் சொல்லித் தர்றேன். நான் பம்பை மட்டும் அடிக்கிறேன்."

"நெஜமாவா?"

"அகல்யா கேட்டுகினுதானே கீது. அது சாட்சி."

[இந்த இடத்தில் புஷ்பலதாவின் மனதுக்குள் போக வேண்டும் என்று பவித்ரா ஓரத்தில் குறித்திருக்கிறாள். போகத் தெரியவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி நாடாவை விரலில் சுற்றிச் சுற்றிப் பைக்குள் வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி உதடு மட்டும் அசையப் பாடிப் பார்த்தாள். வந்தவாசி வரைக்கும் அது நிற்கவில்லை. அகல்யா உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது காப்பும் இல்லை, கும்மியும் இல்லை.]

3

இதுவரை எழுதியதை வகுப்பில் படித்தேன். சதீஷ் கை தூக்கினான்.

"எல்லார் கையிலயும் ஒரு வாத்தியம் கீது. இந்த அகல்யா கையில இன்னா கீது?"

"போன்" என்றேன்.

"பாவம். எறக்கி வுட்ருங்க. வேனுக்கு டீசலாவது மிச்சம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவளை எடுத்துவிட்டு முழுவதையும் திரும்ப எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் அவளை எடுத்துவிட்டால் கற்பூரம் வாங்கப் போக ஆள் இல்லை. எல்லோரும் மேடையிலேயே இருப்பார்கள். நடந்தது நடந்ததாகத் தெரிந்துவிடும். இந்தக் கதைக்கு அந்த வசதி இல்லை.

அவளைத் திரும்ப வேனில் ஏற்றினேன்.

4

தெள்ளாரில் சாலையோரத் திடலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் நிறைந்து, பின்னால் பைக்குகள்மேல் உட்கார்ந்தும் ஆட்கள் பார்த்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து பெரிய மேளம் வந்திருந்தது. பறைக்குழுப் பெண்கள் பறையைக் காய்ச்சச் சருகு கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

மேடையின் ஒலியும் ஒளியும் ரஞ்சித்குமார் என்ற இளைஞன் பொறுப்பில் இருந்தன. அவனிடம் புதிதாக ஒரு புகை மிஷின் இருந்தது. கையடக்கமான பெட்டி. பட்டனை அழுத்தினால் மேடையின் பின்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வரும். சிலம்பம் சுற்றிய பிள்ளைகளுக்குப் புகை விட்டான். கரகத்துக்குப் புகை விட்டான். வரவேற்புரைக்கும் விட்டான், பேசியவர் பாதியில் இருமி உட்கார்ந்துவிட்டார். சக்கரவர்த்தி இதையெல்லாம் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் பம்பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேடைக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள். சட்டையில் இளமதி என்று பெயர். புஷ்பலதா தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திணறியபோது வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"பம்பையாக்கா?"

"ஆமாம்மா. புடிக்குமா?"

"பயம்க்கா. சின்ன வயசுல எங்கம்மாவுக்கு வரும். நான் கட்டிலுக்கு அடியில பூந்துக்குவேன். எனக்கு வந்ததில்ல. ஆனா அந்த அடி கேட்டா காதோரம் கூசும்."

"இன்னைக்கு அழைப்பே கெடையாது. வெறும் கும்மிதான். தைரியமா நில்லு."

"நான் நின்னுதானே ஆவணும்? டூட்டியாச்சே" என்று இளமதி சிரித்தாள்.

மேடையேறினார்கள். காப்பு பாடும்போது புஷ்பலதாவின் குரல் ஒட்டாமல் இருந்தது. பழக்கத்தில் அண்ணன் வாயையே பார்த்தாள். கும்மிக்கு வந்ததும் பார்ப்பதை விட்டாள். அதன்பிறகு குரல்

(இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்தேன். பாதியில் விடுவதுதான் அந்தக் குரலுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.)

பறைக்குழுப் பெண்கள் எழுந்து வந்து மேடைக்கு முன்னால் நின்று தாளம் போட்டார்கள். அகல்யா போனைப் பார்த்தாள். நேரம் நெருங்கியதும் சொன்னபடி கையைத் தூக்கினாள். புஷ்பலதா பார்த்தாள், லேசாகத் தலையாட்டினாள். இன்னும் ஒரே ஒரு சுற்று. கும்பிட்டு இறங்கிவிடலாம்.

அந்த நேரத்தில் ரஞ்சித்குமாருக்கும் பாட்டு பிடித்துப்போய்விட்டது. பட்டனை அழுத்தினான்.

புகை சக்கரவர்த்தியின் முழங்காலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. கோயிலில் சாம்பிராணிப் புகை எழுந்து முகத்துக்கு வந்தால் அழைப்பு தொடங்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். அது யாரும் சொல்லி அவர் செய்வதில்லை, கை செய்யும். இந்தப் புகையில் சாம்பிராணி வாசனை இல்லை என்று மூக்கு சொல்வதற்குள் கை அடியை மாற்றிவிட்டது.

புஷ்பலதா திரும்பிப் பார்த்தாள். கீழே தூக்கிய கை, பக்கத்தில் அடிக்கிற கை. எந்தக் கையைக் கேட்பது? வேனில் உதட்டுக்குள் இருந்த பாட்டு வெளியே வந்துவிட்டது.

அழைத்துவிட்டாள்.

இளமதியின் கையில் இருந்த லத்தி முதலில் விழுந்தது. பிறகு தொப்பி. அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொண்டை அவிழ்ந்தது. வாயிலிருந்து வந்தது அவளுடைய குரல் இல்லை.

"நேரம் முடிந்துவிட்டது, மிக்க நன்றி, அடுத்ததாக" என்றார் அறிவிப்பாளர். மைக்கை அணைத்தார்கள். வரிசை வரிசையாகப் போன்கள் மேலே உயர்ந்தன. யூனிபார்மில் சாமி ஆடும் போலீஸ். வீட்டுக்குப் போவதற்குள் ஊரெல்லாம் பார்த்துவிடும்.

சக்கரவர்த்திக்கு அப்போதுதான் விளங்கியது. "கற்பூரம்! பையில கீதா?"

பையில் எப்படி இருக்கும்? அழைக்கப் போவதில்லை என்றுதானே வந்தார்கள்.

"அகல்யா! ஜல்தி! கற்பூரம்!"

அகல்யா ஓடினாள்.

5

முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் ஒருவர் நிதானமாகப் பொட்டுக்கடலை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கற்பூரம்."

"பூஜைக்கா, பீரோவுக்கா?"

"பூஜைக்குங்க. சீக்கிரம்ணா, சாமி வந்துகினு கீது."

"யாருக்கும்மா?"

"போலீசுக்கு."

அவர் தராசை விட்டார். "எந்த ஸ்டேஷன்?"

போனில் பணம் போகாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பரவால்ல, நீ மொதல்ல ஓடு, வர்றப்போ குடு" என்று கையில் பாக்கெட்டைத் திணித்தார்.

அவள் திரும்பி வந்தபோது மேடையில் ஒயிலாட்டம் தொடங்கியிருந்தது. சக்கரவர்த்தி வேனுக்குப் பக்கத்தில் நின்று பம்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மேடைப் படியில் இளமதி உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. தொப்பி புஷ்பலதாவின் மடியில் இருந்தது.

அகல்யா கற்பூரப் பாக்கெட்டோடு நின்றாள்.

6

[இங்கே இருக்க வேண்டிய காட்சி.]

விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவு. நான் ஓடியதும் சக்கரவர்த்தி அண்ணன் மேடையிலிருந்து குதித்து இறங்கப் பார்த்திருக்கிறார். அதற்குள் புஷ்பாக்கா இறங்கிவிட்டாள். பறைக்குழுப் பெண்கள் இளமதியைச் சுற்றி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, முந்தானையை விரித்துப் பிடித்து வளைந்து நின்றிருக்கிறார்கள். அண்ணன் உள்ளே நுழையப் பார்த்தபோது ஒருத்தி, "ஆம்பளைங்கல்லாம் தள்ளுங்க" என்றிருக்கிறாள். வேறு வழியில்லாமல் அவர் வெளியே நின்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

போனில் எடுத்த வீடியோ ஒன்று எனக்குக் கிடைத்தது. முழுக்க முதுகுகள். பம்பைச் சத்தம். பிறகு சத்தம் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். இளமதிக்கு அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

சின்னப்பையன் மாமாவைக் கேட்டேன். "புஷ்பா குனிஞ்சி என்னமோ சொன்ன மாதிரி இருந்திச்சி. நான் உடுக்கைய வுட்டுட்டு எட்டிப் பாக்க முடியுமா?"

இளமதியிடம் போனில் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. முழிச்சப்போ யாரோ என் தொப்பிய மடியில வெச்சி மண்ணு தொடச்சிகினு இருந்தாங்க. அது மட்டும் ஞாபகம் கீது."

புஷ்பாக்காவிடமே கேட்டேன். "நீதான் கற்பூரம் வாங்கப் போயிட்டியே" என்றாள்.

காட்சியை எழுதிப் பார்க்காமல் இல்லை. அவள் உரக்கப் பாடி அனுப்புவதாக ஒரு பக்கம் எழுதினேன். மண்டபமே கைதட்டியது. (மண்டபமே அங்கே கிடையாது.) கட்டிலுக்கு அடியில் ஒளிந்த சிறுமியை வெளியே கூப்பிடுவதுபோல் காதோடு பேசுவதாக இன்னொரு பக்கம் எழுதினேன். அதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று மூன்றாவதாக—

(‘நான்’ வந்துவிட்டது. இந்தப் பகுதி முழுக்க வந்திருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறேன். இனி மாற்றப் போவதில்லை.)

7

மறுநாள் சக்கரவர்த்தி அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டனுப்பினார். புஷ்பாக்கா வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள்.

"கற்பூரம் இல்லாம எப்டி மலையேறும்? அது தானா போயிடுச்சி. போலீசு உடம்பு, டூட்டி ஞாபகம் வந்திருக்கும்" என்றார்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் புஷ்பாக்கா. வழியில் ஒரு வார்த்தை பேசாதவள் அப்போதுதான் பேசினாள்.

"நீ சொன்னா ஆச்சா? எவனாச்சும் பாத்தானா?"

"சுத்தி இருந்த பொம்பளைங்க பாத்தாங்க."

"அவங்க எந்த ஊரோ. அவங்களுக்கு இன்னா தெரியும்?" அவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "நீ சொல்லு அகல்யா. நீ பொய் சொல்ல மாட்டே. ஒரு கட்டத்த மூணு தபா பாக்கற பொண்ணு. இவ அனுப்பினத நீ பாத்தியா? பாத்தேன்னு சொல்லு, ஆடிக்கு இவ பாடட்டும். நான் குறுக்க வரல."

எனக்கு முன்னால் ஒரே ஒரு சொல் இருந்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே காட்சியை விதவிதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் புஷ்பாக்கா அனுப்புகிறாள். எழுதும்போது கை கூசவில்லை. அதையே அவர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும் என்றதும் நாக்கு எழவில்லை.

"பாக்கலைங்கணா. நான் கடையில இருந்தேன்."

அவர் தலையாட்டிவிட்டு நாடாவை எடுத்தார்.

தெரு முனை வரைக்கும் புஷ்பாக்காவின் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பாத்தேன்னு சொல்லியிருந்தா இங்கயே ரெண்டு வெச்சிருப்பேன்" என்றாள். "நீ பாக்காதத பாத்தேன்னு சொன்னா, நான் அனுப்பினதும் பொய்யா பூடும்." பஸ் வந்துகொண்டிருந்தது. "அந்த பாக்கெட் கீதா?"

"இருக்குக்கா. பிரிக்கவே இல்ல."

"பத்திரமா வெச்சிரு."

அன்று சாயங்காலம் அவள் அண்ணனிடம் சொன்னது தெருவுக்கே கேட்டது. ஆடிக்கு நான்தான் அழைப்பேன். நானேதான் அனுப்புவேன். நீ பம்பையை மட்டும் அடி. அனுப்ப முடியவில்லை என்றால் இனிமேல் பின்பாட்டுக்குக்கூட வர மாட்டேன், ஷூ தைத்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் ஒரே வார்த்தை சொன்னார்: "சரி."

8

வகுப்பில் முடிவு கேட்டார்கள்.

"அவங்க ஜெயிச்சிடட்டும்" என்றாள் பவித்ரா. ஆசிரியையாக இல்லாமல் வாசகியாகச் சொன்னாள்.

"தோத்தாதான் கதை" என்றான் சதீஷ். கடையில் அவன் ஒரு சேலையையும் தோற்று விற்றதில்லை.

இரண்டையும் எழுத எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தாளில் அவளை ஜெயிக்க வைத்தால், அன்றைக்குத் தறி முன்னால் சொல்லாத பொய்யை இங்கே வந்து சொன்னதாகும். தோற்க வைக்க எனக்கு என்ன உரிமை? அதனால் காத்திருந்தேன். ஆனி முடிந்தது. ஆடி பிறந்தது.

9

இன்று மூன்றாம் வெள்ளி. கூழ் வார்த்தாகிவிட்டது. தெருவில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. தறிகளெல்லாம் நின்றுவிட்டதால் கொசப்பாளையம் ஏதோ காது அடைத்ததுபோல் இருக்கிறது.

அம்மன் முன்னால் புஷ்பாக்கா நிற்கிறாள். காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்து தலை குளித்திருக்கிறாள். வலது பக்கம் சின்னப்பையன் மாமா. இடது பக்கம் பம்பையோடு சக்கரவர்த்தி அண்ணன். நான் முதல் வரிசையில், வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே. பாக்கெட் என் மடியில்.

"இந்த தபா எங்கயும் போவாத" என்று வரும்போதே சொல்லியிருக்கிறாள்.

சாம்பிராணி போட்டார்கள். புகை எழுந்தது. நிஜப் புகை. அண்ணனின் கை மாறியது. அக்கா யாருடைய கையையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு அழைத்தாள்.

யார்மேல் வரும் என்று தெரு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பம்பையில் ஓர் அடி தப்பியது. அடுத்த அடி விழவே இல்லை. குச்சி என் காலடியில் வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்க்கிறேன். வந்திருப்பது சக்கரவர்த்தி அண்ணன்மேல்.

இத்தனை வருடத்தில் அவருக்கு வந்ததே இல்லை. இடுப்பில் பம்பை கட்டியபடி ஆடுகிறார். அதை அவிழ்க்கக் கூடாது. அனுப்பும் வரைக்கும் பம்பையை யாரும் தொடக் கூடாது. சின்னப்பையன் மாமா உடுக்கையை விடாமல் அடிக்கிறார். புஷ்பாக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள். பாக்கெட்டைப் பிரிக்கிறேன்.

உள்ளே வாசனைதான் இருக்கிறது. அடியில் ஓட்டை. சித்திரையிலிருந்து என் கம்ப்யூட்டர் பக்கத்தில், காற்றாடிக்குக் கீழே இருந்திருக்கிறது. எதையும் மூன்று தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கற்பூரத்தைக் காலையிலிருந்து ஊரே ஏற்றித் தீர்த்துவிட்டது.

"யாரனா ஓடுங்க, ஜல்தி!" என்கிறாள் அக்கா. என்னை மட்டும் பார்த்து, "நீ இல்ல" என்கிறாள்.

நாளைக் காலையில் அண்ணனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இங்கே தெருவே நிற்கிறது. ஆனாலும் அவர் தறியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டனுப்பப் போவது என்னைத்தான். பாத்தியா என்றுதான் கேட்பார். இந்தத் தடவை என்னிடம் பதில் இருக்க வேண்டும். அது எந்தப் பதிலாக இருந்தாலும் சரி.

அதனால் நான் நகரமாட்டேன். பேனாவையும் மூடி வைக்கிறேன். எழுதிக்கொண்டே பார்க்க முடியாது.

நீங்கள்தான் சும்மா நின்று படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தெருக்கோடியில் இடது பக்கம் திரும்பினால் கடை. பூஜைக்கா பீரோவுக்கா என்று கேட்டால் பூஜைக்கு என்று சொல்லுங்கள். சில்லறை இல்லை என்றால் வரும்போது கொடுத்துக்கொள்ளலாம்.

போங்கள். அக்கா அண்ணனுடைய கையைப் பிடித்துவிட்டாள்.